பழைய கம்பியில் போகும் புதிய ரயிலின் செய்தி

சிகாமட் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 2025 மார்ச் மாதம் வரை, வடக்கிலிருந்து வரும் இடிஎஸ் மின்ரயில் கிம்மாஸோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே தண்டவாளம் இருந்தது. அதன் அகலமும் அதே ஒரு மீட்டர்தான். சக்கரம் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தலைக்கு மேல் மின்கம்பி இல்லை. சிகாமட்டுக்கோ ஜொகூர் பாருவுக்கோ போக வேண்டியவர்கள் மூட்டை முடிச்சோடு கிம்மாஸில் இறங்கி, டீசல் ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 192 கிலோமீட்டருக்கு இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் போடும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அந்த வேலையின் பலனாக முதலில் மின்ரயிலைப் பார்த்த ஊர்களில் சிகாமட்டும் ஒன்று.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் இணையத்துக்குள்ளும் இப்படிப்பட்ட கிம்மாஸ்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் புதிய முறை, மறுபக்கம் பழைய முறை. இடையில் கம்பிவடம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கருவி இருக்கிறது. ஆனாலும் புதியது அப்படியே கடந்து போக முடியாது.

உங்கள் கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போய், வைஃபை இணைப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 192.168 என்று தொடங்கும் ஓர் எண் தெரியும். நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். அது ஐபிவி4 முகவரி. பல கைப்பேசிகளில் அதற்குக் கீழே இன்னொன்றும் தெரியும்: நீளமானது, புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி போட்டது, எண்களோடு எழுத்துகளும் கலந்தது. அது ஐபிவி6 முகவரி. கூகுள் நிறுவனம் பொதுமக்களுக்காக நடத்தும் பெயர்த்தேடல் சேவைக்கு இரண்டுமே உண்டு. பழைய முகவரி 8.8.8.8, புதிய முகவரி 2001:4860:4860::8888. வீடு ஒன்றுதான், கதவு எண் இரண்டு.

எதற்கு இரண்டு? ஐபிவி4 நெறிமுறை 1981 செப்டம்பரில் எழுத்துவடிவம் பெற்றது. அதில் ஒரு முகவரிக்கு 32 பிட் இடம். இரண்டை 32 முறை பெருக்கிப் பாருங்கள்: 4,294,967,296. அன்றைக்கு அது தீராத செல்வமாகத் தெரிந்தது. இன்று உலக மக்கள்தொகையே 800 கோடிக்கு மேல். அவர்களில் பலர் ஆளுக்கு இரண்டு மூன்று கருவிகள் வைத்திருக்கிறார்கள். உலக மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்தது. மலேசியா உள்ளிட்ட ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு முகவரி வழங்கும் ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் கடைசித் தொகுப்பில் கைவைத்து, கஞ்சத்தனமாக அளந்து கொடுக்கத் தொடங்கியது.

இதன் விளைவு உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ரவுட்டருக்கு வெளிப்புறமாகக் கிடைத்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நீங்களும் அந்தப் பங்காளிகளில் ஒருவர். அடுத்த தெருவில் யாரோ செய்த சேட்டைக்காக ஒரு தளம் அந்த முகவரியைத் தடுத்தால், உங்களுக்கும் சேர்த்தே கதவு சாத்தப்படும். இணைய விளையாட்டில் நண்பனோடு நேராக இணைய முடியாமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

ஐபிவி6-இல் முகவரிக்கு 128 பிட் இடம். 340 என்று எழுதி, பின்னால் 36 பூஜ்யங்களைப் போட்டால் கிடைக்கும் எண்ணிக்கைக்குச் சற்று அதிகம். பங்கிட வேண்டிய தேவையே இல்லை. இதன் முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் ஒரு கடினமான முடிவை எடுத்திருந்தார்கள்: பழைய கருவிக்குப் புதிய பொட்டலம் புரியாது. 32 பிட் முகவரியை எதிர்பார்க்கும் ரவுட்டரிடம் 128 பிட் முகவரியைக் கொடுத்தால் அது திருதிருவென விழிக்கும். ஆகவே முழு உலகமும் ஒரே இரவில் மாற வேண்டும், அல்லது பழையதன் தோளில் ஏறிப் புதியது பயணம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே இரவில் மாறுவது நடக்கிற காரியமா?

செய்தி வேறு, பயணம் வேறு

இணையத்தில் எப்போதும் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று, பொட்டலம் பயணம் செய்வது. மற்றொன்று, 'இன்ன முகவரிக்கு என் வழியாகப் போகலாம்' என்று வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது.

ரயிலுக்கும் அப்படித்தான். கிம்மாஸ் நிலைய அதிகாரி சிகாமட் நிலைய அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, 'பாதை திறந்திருக்கிறது, ரயிலை அனுப்பலாம்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு போவது தொலைபேசிக் கம்பியில். ரயில் போவது தண்டவாளத்தில். இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

இணையம் என்பது ஒரே வலை அல்ல. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனி வலையமைப்புகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. டெலிகாம் மலேசியாவின் எண் 4788. இவை பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் பிஜிபி. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் மதிய உணவு வேளையில், ஐபிஎம்மைச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டரும் சிஸ்கோவைச் சேர்ந்த கிர்க் லாகீடும் கை துடைக்கும் காகிதத்தில் இதன் முதல் வரைவைக் கிறுக்கினார்கள். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. அதன் வழிவந்த பதிப்பில்தான் இன்றைய இணையம் ஓடுகிறது.

இந்தப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதை மலேசியா ஒருமுறை உலகுக்கே காட்டியது. 2015 ஜூன் 12-ஆம் நாள், நம் நேரப்படி மாலை நாலே முக்கால் வாக்கில், டெலிகாம் மலேசியாவின் வலையமைப்பு ஏறக்குறைய 1,79,000 வழிகளைத் தவறுதலாகத் தன் வழியாக அறிவித்துவிட்டது. அதைக் கேட்ட லெவல் 3 என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் சரிபார்க்காமல் நம்பி, மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டது. எங்கெங்கோ போக வேண்டிய பொட்டலங்கள் மலேசியாவை நோக்கித் திரும்பின. சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையம் தள்ளாடியது. ஒரு கம்பியும் அறுபடவில்லை, ஒரு கருவியும் எரியவில்லை. செய்தி தவறிப் போயிற்று, அவ்வளவுதான்.

மொழிக்கு ஒரு புதிய பை

இப்போது நம் கேள்விக்கு வரலாம். பிஜிபி பிறந்தபோது ஐபிவி6 கிடையாது. அந்த மொழிக்கு 32 பிட் முகவரி மட்டுமே சொல்லத் தெரியும். புதிய முகவரிகளுக்கான வழிகளை எப்படிச் சொல்வது?

புதிதாக ஒரு மொழியை உருவாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1998 பிப்ரவரியில் ரெக்டரும் வேறு மூவரும் சேர்ந்து பிஜிபிக்கு ஒரு நீட்டிப்பை எழுதினார்கள். பழைய செய்தியோடு ஒரு பையைக் கட்டிவிடுவது போன்ற ஏற்பாடு அது. பையின் மேல் 'உள்ளே இருப்பது எந்தக் குடும்பத்து முகவரி' என்று ஓர் எண் எழுதியிருக்கும். 1 என்றால் ஐபிவி4. 2 என்றால் ஐபிவி6. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2545 என்ற ஆவணம், 2-ஆம் எண் பைக்குள் எதை எப்படி அடுக்குவது என்று சொன்னது.

இதில் அழகான ஒரு விளைவு இருக்கிறது. பைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும், பையைச் சுமக்கும் பேச்சு எந்தக் கம்பியில் நடக்கிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. இரண்டு ரவுட்டர்கள் பழைய ஐபிவி4 முகவரிகளில் ஒன்றையொன்று அழைத்து, 179 என்ற எண்ணுள்ள வாசலில் பேசத் தொடங்குகின்றன. முதல் வணக்கத்திலேயே 'எனக்கு 1-ஆம் குடும்பமும் தெரியும், 2-ஆம் குடும்பமும் தெரியும்' என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவர் அந்தப் பையை அனுப்ப மாட்டார். இருவரும் சொல்லிவிட்டால், அதே பழைய இணைப்பில் புதிய உலகத்தின் வழிகள் வந்து இறங்கும். இன்று ஐபிவி6 உலகில் அறிவிக்கப்படும் வழிகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அவை அத்தனையையும் ஒரு பழைய இணைப்பில் வாங்கிவிட முடியும்.

மின்ரயிலின் கால அட்டவணையை டீசல் ரயிலில் கொடுத்தனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை வந்து சேர்வதற்கு மின்கம்பி தேவையில்லை. ரயில் வருவதற்குத்தான் தேவை.

'அடுத்த நிறுத்தம் எது?'

ஒவ்வொரு வழி அறிவிப்பிலும் ஒரு கட்டாயத் தகவல் உண்டு: அந்த முகவரிக்குப் போக வேண்டுமானால் பொட்டலத்தை அடுத்து யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது. அதை அடுத்த நிறுத்தம் என்று சொல்வோம்.

ஐபிவி4 இணைப்பில் ஐபிவி4 வழிகளைச் சொல்லும்போது இதில் குழப்பமில்லை. பேசுபவர் பெரும்பாலும் தன் சொந்த முகவரியையே அடுத்த நிறுத்தமாகப் போட்டுவிடுவார். 'நான் 192.0.2.1. என்னிடம் கொடு.' ஆனால் அதே பழைய இணைப்பில் புதிய வழிகளைச் சொல்லும்போது? பேசுபவர் தன்னை அழைத்துக்கொள்வது பழைய முகவரியில். பொட்டலமோ புதியது, அதற்குப் புதிய முகவரியுள்ள நிறுத்தம் வேண்டும். எந்தப் புதிய முகவரியைச் சொல்வது என்று பேச்சிலிருந்து ரவுட்டருக்குத் தானாகத் தெரியாது.

இங்கேதான் பல பொறியாளர்கள் முதல்முறை தடுக்கி விழுகிறார்கள். சில ரவுட்டர் மென்பொருள்கள் தம் பழைய முகவரியையே புதிய உடையில் போர்த்தி எழுதிவிடும். முன்னால் பூஜ்யங்கள், நடுவில் நான்கு 'எஃப்' எழுத்துகள், வாலில் 192.0.2.1. பார்ப்பதற்கு 128 பிட் முகவரி போலவே இருக்கும், இலக்கணப்படி சரி. ஆனால் சாதாரண ஐபிவி6 வலையில் அந்த முகவரியில் யாரும் குடியிருப்பதில்லை. வாங்கியவர் பட்டியலைப் பார்க்கிறார்: ஆயிரக்கணக்கான வழிகள் வந்து குவிந்திருக்கின்றன. ஒன்றுகூடப் பயன்படவில்லை. அட்டவணையில் 'சிகாமட்டில் மாறவும்' என்று போட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் மின்ரயில் நிற்கும் மேடையே இல்லை என்பது போன்ற நிலை.

தீர்வு எளிது. வழிகளை அனுப்பும்போது 'அடுத்த நிறுத்தமாக என்னுடைய இந்த ஐபிவி6 முகவரியைப் போடு' என்று நிர்வாகி கையால் ஒரு கட்டளை எழுத வேண்டும். ஒரே வரி. அதை எழுத மறந்ததால் தூக்கம் போன இரவுகள் உலகெங்கும் எத்தனையோ இருக்கும்.

தொலைபேசி மணி அடிக்கிறது, ரயில் வரவில்லை

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. முந்தையது உடனே கண்ணில் படும், இது படாது.

பிஜிபியில் பேசிக்கொண்டிருக்கும் இரு ரவுட்டர்களும் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதுகூட, குறித்த இடைவெளியில் 19 பைட் அளவுள்ள ஒரு சிறிய செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்பதைத் தவிர அதில் வேறு பொருளில்லை. நெறிமுறை பரிந்துரைக்கும் கணக்குப்படி 90 வினாடி அந்தக் குரல் கேட்காவிட்டால், எதிர்முனை செத்துவிட்டது என்று முடிவு செய்து, அது சொன்ன எல்லா வழிகளையும் அழித்துவிட வேண்டும். போக்குவரத்து வேறு வழியில் திரும்பிவிடும். இது இணையத்தின் உயிர்காக்கும் பழக்கம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'இருக்கிறேன்' என்ற குரல் ஐபிவி4 இணைப்பில் வருகிறது. அது சொன்ன வழிகளோ ஐபிவி6 வழிகள். இடையிலுள்ள ஏதோ ஒரு கருவியில் ஐபிவி6 மட்டும் பழுதானால் என்ன ஆகும்? குரல் நிற்காது. வழிகள் அழிக்கப்பட மாட்டா. புதிய பொட்டலங்கள் எல்லாம் அந்தப் பழுதான திசையிலேயே போய், போன சுவடு தெரியாமல் மறையும். நிலைய அதிகாரிகள் தொலைபேசியில் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே மின்கம்பி அறுந்து கிடக்கிறது.

நேர்மாறாகவும் நடக்கலாம். ஐபிவி6 பாதை நன்றாக இருக்கிறது, ஐபிவி4 பேச்சு மட்டும் ஏதோ காரணத்தால் அறுந்தது. நல்ல பாதையின் வழிகளும் சேர்த்து அழிந்துவிடும்.

உங்கள் கைப்பேசி இந்தப் பழுதை இன்னும் ஆழமாக மறைத்துவிடுகிறது என்பது வேடிக்கை. இன்றைய உலாவிகள் ஒரு தளத்துக்கு இரண்டு முகவரிகளும் இருந்தால் முதலில் ஐபிவி6-ஐ முயலும். கால் வினாடி வாக்கில் பதில் வராவிட்டால் ஐபிவி4-ஐயும் முயன்று, எது முந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த உத்தியின் பெயர் ஹேப்பி ஐபால்ஸ். பயனரின் கண் மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமாம்! பக்கம் எப்படியோ திறந்துவிடுகிறது, கொஞ்சம் மந்தமாக. 'இன்றைக்கு லைன் சரியில்லை' என்று நீங்கள் முணுமுணுப்பதோடு சரி. யாரும் புகார் செய்யாததால் ஐபிவி6 நாள்கணக்கில் செத்துக் கிடக்கக்கூடும்.

இதனால்தான் பல இணையப் பரிமாற்றகங்களில் ஒரே கம்பிவடத்தின் மேல் இரண்டு தனிப் பேச்சுகள் நடத்துகிறார்கள். ஐபிவி4 வழிகளுக்கு ஐபிவி4 பேச்சு, ஐபிவி6 வழிகளுக்கு ஐபிவி6 பேச்சு. வேலை இரட்டிப்பு, ஆனால் எந்தப் பாதை செத்ததோ அதன் குரல்தான் நிற்கும். என்னைக் கேட்டால் முடிந்த இடத்திலெல்லாம் இதுதான் சரி. ஒரே பேச்சில் இரண்டையும் ஏற்றுவது, வேறு வழியில்லாதபோது கைகொடுக்கும் உபாயம்.

பொட்டலம் எப்படிக் கடக்கும்?

செய்தியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பயணம்? நடுவில் பழைய ரவுட்டர்கள் மட்டுமே இருந்தால் புதிய பொட்டலத்தை எப்படிக் கொண்டுபோவது?

பழைய உறைக்குள் புதிய கடிதத்தைப் போடுவது முதல் வழி. சுரங்கவழி என்று இதற்குப் பெயர். 1996-இல் தொடங்கிய 6போன் என்ற உலகச் சோதனை வலையமைப்பு பெரும்பாலும் இப்படித்தான் பிழைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 6.6.2006 அன்று, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாற்போன்ற ஒரு தேதியில், அதை மூடினார்கள். சுரங்கவழிக்கு ஒரு விலை உண்டு. வழக்கமான பாதையில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். வெளியுறைக்கு 20 பைட் போய்விடுவதால் உள்ளே 1480 மட்டுமே மிஞ்சும். இதை இரு முனைகளும் உணராவிட்டால் சிறிய பொட்டலங்கள் போகும், பெரியவை சிக்கிக்கொள்ளும். ஒரு தளத்தின் தலைப்பு மட்டும் வந்து, படம் வராமல் பாதியில் தொங்கினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது வழி, பெரிய நிறுவனங்கள் கையாண்டது. பெயர் 6பிஇ, 2007-இல் ஆவணமானது. வலையமைப்பின் ஓரத்து ரவுட்டர்களுக்கு மட்டும் ஐபிவி6 கற்றுக்கொடுப்பார்கள். அவை ஐபிவி4 இணைப்பில் ஐபிவி6 வழிகளைப் பேசிக்கொள்ளும். பொட்டலத்தின் மேல் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படும். நடுவிலுள்ள பழைய ரவுட்டர்கள் சீட்டை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும். உள்ளே இருப்பது எந்தக் குடும்பம் என்று அவற்றுக்குத் தெரியவே தெரியாது. நாம் மேலே குறை சொன்ன அந்த 'நான்கு எஃப்' முகவரி நினைவிருக்கிறதா? 6பிஇ-யில் அடுத்த நிறுத்தமாக அதைத்தான் வேண்டுமென்றே எழுதுகிறார்கள். வாலிலுள்ள பழைய முகவரியைப் பார்த்து, எந்த ஓரத்து ரவுட்டருக்கான சீட்டை ஒட்டுவது என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா! ஓரிடத்தில் பிழையானது இன்னோரிடத்தில் கருவியாகிறது.

நம் நாட்டில் இந்த மாற்றத்துக்கென்றே ஒரு நிலையம் பிறந்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தேசிய உயர்நிலை ஐபிவி6 மையம் அமைக்கப்பட்டது. அதை வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். இன்று மலேசியாவிலிருந்து கூகுளை அணுகுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6 வழியாகவே போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

காற்று இப்போது திசை மாறி வீசுகிறது. பெரிய தரவு மையங்களில் ஆயிரக்கணக்கான ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒவ்வொரு பிணைப்புக்கும் அரிதாகிப்போன ஐபிவி4 முகவரியைச் செலவிட யாருக்கும் மனமில்லை. அதனால் ரவுட்டர்களுக்கு இடையே ஐபிவி6 மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் புதிய இணைப்பில் பழைய ஐபிவி4 வழிகளைச் சொல்லி அனுப்புகிறார்கள். 1-ஆம் எண் பை, ஆனால் அடுத்த நிறுத்தமாக 128 பிட் முகவரி. 2009-இல் முதலில் எழுதப்பட்ட இந்த முறைக்கு 2020-இல் திருத்திய பதிப்பு வந்தது. அதன் எண் ஆர்எஃப்சி 8950. டீசல் ரயிலின் அட்டவணையை இப்போது மின்ரயில் சுமக்கிறது.